வோல்கா கரையிலிருந்து ஒரு கேள்வி... பாலாற்றில் கப்பல் வந்ததா?

உத்திரமேரூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். ஊர் பெயர் வோல்கோகிராட். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோ காலில் வந்துவிடுவாள். போன கோடையில் ஒருநாள் பேசிக்கொண்டே போனைத் திருப்பிக் காட்டினாள். அகலமான கற்படிகள், அதன் கீழே வெள்ளை வெளேரென்று ஒரு பயணிகள் கப்பல், அதற்கப்பால் பரந்து கிடக்கும் தண்ணீர்.

"கடலுக்கா போயிருக்கே?" என்றேன்.

"கடல் இல்ல அத்தை, ஆறு. இதான் வோல்கா. இது ஆத்துத் துறைமுகம்" என்று சிரித்தவள், சட்டென்று கேட்டாள்: "நம்ம ஊரு ஆத்துல எப்பவாச்சும் கப்பல் வந்திருக்கா அத்தை?"

நான் வாய் திறப்பதற்குள் என் மாமியார் முந்திக்கொண்டார். "தண்ணியே வரல... கப்பல் எங்கேர்ந்து வரும்!"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நூலகம், பழைய புத்தகங்கள், கடைசியில் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம் என்று தேடிப் பார்த்ததில், சிரித்து ஒதுக்கிவிட முடியாத ஒரு பதில் கிடைத்தது.

அதற்கு முன் அவள் படிக்கும் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1589-இல் வோல்கா கரையில் ஒரு காவல் கோட்டையாகத் தொடங்கிய ஊர் அது. அப்போது பெயர் சாரிட்சின். 1925-இல் ஸ்டாலின்கிராட் ஆனது. ஆம், இரண்டாம் உலகப் போரின் போக்கையே திருப்பிய அதே ஸ்டாலின்கிராட்தான். 1961-இல்தான் வோல்கோகிராட் என்று பெயர் மாறியது. 1942 ஆகஸ்ட் முதல் 1943 பிப்ரவரி வரை நடந்த சண்டையில் நகரமே கல்லும் மண்ணுமாக நொறுங்கிக் கிடந்தபோது, உள்ளே போராடிய சோவியத் வீரர்களுக்குத் தோட்டா, ரொட்டி, ஆட்கள் எல்லாம் பெரும்பாலும் இரவு நேரத்தில் ஆற்றைக் கடந்து படகில் வந்தன. திரும்பிப் போன படகுகளில் காயம்பட்டவர்கள் போனார்கள். அந்தத் துறை கைவிட்டுப் போயிருந்தால் ஊரும் போயிருக்கும்.

அங்கே கரையில் ஒரு பழைய படகைத் தூக்கி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கசீத்தெல் என்ற தீயணைப்புப் படகு. போரின்போது குண்டடிபட்டு ஆற்றில் மூழ்கியது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆற்றடியில் கிடந்ததை வெளியே எடுத்து நினைவுச்சின்னமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது: சென்னையும் வோல்கோகிராடும் 1960-களிலிருந்தே சகோதர நகரங்கள்.

சரி, நம் ஆற்றுக்கு வருவோம்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதில் கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, மீதி 222 கிலோமீட்டர் நம்முடையது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக வந்து கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் பக்கம் கடலில் கலக்கிறது. 'கலக்க வேண்டும்' என்று சொல்வதுதான் சரி. பல வருடங்களில் ஆறு கடலைப் பார்ப்பதே இல்லை.

இப்படிப்பட்ட ஆற்றின் வாயிலில் ஒரு துறைமுகம் இருந்தது. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு.

கடல் இல்லாத ஊருக்குக் கடற்கரை

காஞ்சிபுரத்தைப் பற்றிப் பழைய வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்தால் ஒரு விஷயம் குழப்பும். கி.பி. 640 வாக்கில் தென்னிந்தியா வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாற்றில், காஞ்சி என்பது கடலோர ஊர், அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலில் மூன்று நாள் என்ற பொருளில் எழுதியிருக்கிறது. காஞ்சியில் கடல் எங்கே இருக்கிறது? அங்கிருந்து கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால் சுமார் 70 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும்!

அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னால், சீனாவின் ஹான் அரசமரபு வரலாற்று நூலில் 'ஹுவாங்ச்சி' என்ற தூரதேசம் வருகிறது. கடல் வழியாகப் பல மாதம் பயணம் செய்து போகும் நாடு. அங்கிருந்து சீனப் பேரரசுக்கு ஒரு காண்டாமிருகம் பரிசாகப் போயிருக்கிறது. அந்த ஹுவாங்ச்சி காஞ்சிதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் காண்டாமிருகத்தைக் கப்பலில் ஏற்றியது யாராக இருந்தாலும் அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

நம் பக்கத்துச் சாட்சி இன்னும் தெளிவானது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்தான் அதன் நாயகன். 'திரை' என்றால் அலை என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரிசு தேடிக் காஞ்சிக்குப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் அந்தப் பாட்டில், நடுவே நீர்ப்பெயற்று என்ற ஊரும் ஒரு துறைமுகமும் வருகின்றன. வெள்ளைப் பிடரிமயிர் கொண்ட குதிரைகளையும் வடநாட்டுச் செல்வங்களையும் கொண்டுவந்து இறக்கும் கப்பல்கள் அங்கே நிற்கின்றன. உயரமான மாடிவீடுகள், பண்டகசாலைகள், காவல்காரர்கள். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, ஏணி சாத்தி ஏற வேண்டிய ஓர் உயர்ந்த மாடம். கூரை வேயாத அதன் உச்சியில் இரவில் தீ எரியும். கடலில் போகும் கப்பல்களுக்கு அதுதான் அடையாளம். இன்றைய மொழியில் கலங்கரை விளக்கம்.

இந்த நீர்ப்பெயற்று எது? மாமல்லபுரம் என்பவர்கள் உண்டு. பாலாற்று முகத்துவாரம் என்பவர்களும் உண்டு. பாட்டை வைத்து மட்டும் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஆனால் முகத்துவாரத்தில் ஒரு துறைமுகம் இருந்தது என்பதற்கு மண்ணுக்கடியில் வேறு சாட்சி கிடைத்திருக்கிறது. அதைப் பார்க்கத்தான் கிளம்பினோம்.

ஆற்றோடு கீழே இறங்கினோம்

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இந்தப் பயணத்தில் ஒரு வசதி, ஆற்றோடு கூடவே கடலுக்குப் போகலாம். வடக்கே திருமுக்கூடலில் தொடங்கினோம். செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு சேரும் இடம். கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, மருத்துவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், மருந்துகளின் பட்டியல் என்று அத்தனையும் கல்லில் இருக்கின்றன. ஏறத்தாழ 950 ஆண்டுகளுக்கு முந்தைய ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்! டாக்டருக்குப் படிக்கும் பெண்ணுக்கு உடனே போட்டோ அனுப்பினேன். "இதை எங்க புரொபசர்கிட்ட காட்டறேன்" என்று பதில் வந்தது.

பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தோம். மணல், நாணல், சீமைக்கருவேலம், நடுவே ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். "இதுலயா அம்மா கப்பல் வந்துச்சு?" என்று ஒன்பதாவது படிக்கும் என் மகன் கேட்ட தொனியில் பாட்டியின் நக்கல் அப்படியே இருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கடல் கப்பல் திருமுக்கூடல் வரை வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நம்முடையது வோல்கா போல வருடம் முழுக்க ஆழமாக ஓடும் ஆறும் இல்லை, மழையை நம்பிய ஆறு. இந்தக் கடற்கரையில் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதே இல்லை. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சின்னப் படகுகளில் மாற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டும்வரை அங்கேயும் இதே கதைதான். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளைக்காரத் துரைகள் இறங்கினார்கள். இப்படிப்பட்ட கரையில் ஓர் ஆற்று முகத்துவாரம் கிடைப்பது பெரிய வரம். முகத்துவாரத்துக்கு உள்ளே அலை அடங்கிய தண்ணீர். படகைக் கட்டலாம், சரக்கை நனையாமல் இறக்கலாம், குடிக்க நல்ல தண்ணீரும் பக்கத்திலேயே. அங்கிருந்து ஆற்றங்கரைப் பாதையில் மாட்டுவண்டி கட்டினால் மூன்று நாளில் காஞ்சி. ஆற்றுத் துறைமுகம் என்றால் நம் ஊரில் அர்த்தம் இதுதான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் பக்கம் போக வேண்டும். பேருந்தில் போகிறவர்களும் செங்கல்பட்டில் மாறிக்கொள்ளலாம். திருக்கழுக்குன்றத்தில் மலைக்கோயிலுக்குப் போகும் பலரும், அதே மலையில் இருக்கும் ஒருகல் மண்டபத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பல்லவர் காலக் குடைவரை. அதன் சுவரிலும் தூணிலும் டச்சுக்காரர்கள் தங்கள் பெயரையும் வருடத்தையும் வெட்டி வைத்திருக்கிறார்கள், 17-ஆம் நூற்றாண்டில்! சுற்றுலா போன இடத்தில் பெயர் கிறுக்கும் வியாதிக்கு நம் காலேஜ் பசங்களை மட்டும் திட்டிப் பயனில்லை.

அந்த டச்சுக்காரர்கள் வந்தது சதுரங்கப்பட்டினத்திலிருந்து. ஆங்கிலத்தில் சட்ராஸ். இங்கே அவர்களின் செங்கல் கோட்டை இன்னும் நிற்கிறது, தொல்லியல் துறைப் பாதுகாப்பில். உள்ளே தானியக் கிடங்குகள், ஒரு சிறிய கல்லறைத் தோட்டம். கல்லறைப் பலகைகளில் கப்பல், மண்டை ஓடு, பூவேலை என்று நுணுக்கமான செதுக்கல்கள். சுற்றுவட்டார நெசவாளர்கள் நெய்த மெல்லிய பருத்தித் துணிக்காகத்தான் டச்சுக்காரர்கள் இங்கே உட்கார்ந்தார்கள். 1782 பிப்ரவரி 17 அன்று இதே கடலில் பிரெஞ்சுக் கடற்படையும் ஆங்கிலக் கடற்படையும் மோதின. வரலாற்றில் 'சட்ராஸ் போர்' என்றே பெயர். 1824-இல் போட்ட ஆங்கில–டச்சு உடன்படிக்கையோடு டச்சுக்காரர்களின் கதை இந்தியாவில் முடிந்தது.

கோட்டைக்கு மேற்கே சற்றுத் தூரத்தில் பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவிலிருந்து மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டி ஓடும் இந்தக் கால்வாயில் விறகும் உப்பும் நெல்லும் ஏற்றிய தோணிகள் போய்க்கொண்டிருந்தன. பாய் விரித்தும், காற்று இல்லாவிட்டால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தும் ஓட்டுவார்கள். 1965, 66 புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்து தேய்ந்து நின்றுபோனது. ஆக, இந்தப் பக்கத்தில் உள்நாட்டுப் படகுப் போக்குவரத்து ஏதோ புராண காலத்துச் சங்கதி அல்ல. நம் தாத்தா பாட்டிகள் கண்ணால் பார்த்தது.

வசவசமுத்திரம்

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் வயலூர். பல்லவ வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். இங்கே கோயில் தூணில் ராஜசிம்ம பல்லவன் வெட்டிய கல்வெட்டில், பிரம்மா தொடங்கி அவன் முன்னோர்களின் பெயர்கள் நீளமாக வரிசை கட்டி நிற்கின்றன. காஞ்சியில் உட்கார்ந்திருந்த அரசன் தன் வம்சாவளியைப் பொறிக்க ஆற்று முகத்துவாரத்தில் ஒரு தூணைத் தேர்ந்தெடுத்தது ஏன்? கடலிலிருந்து தன் நாட்டுக்குள் வருகிறவர்கள் முதலில் மிதிக்கும் மண் இதுவாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம்தான், கல்வெட்டில் அப்படி இல்லை.

வயலூருக்குப் பக்கத்தில், ஆற்றின் வடகரையில் வசவசமுத்திரம். 1970-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. அப்போது துறைக்குத் தலைமை வகித்தவர் இரா. நாகசாமி. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டுகளைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியவர் என்பதால் எங்கள் ஊருக்கு வேண்டியவர்.

தோண்டியது சிறிய பகுதிதான். கிடைத்தவை: சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய உறைகிணறுகள், செங்கல் கட்டுமானம், ரௌலட்டட் பானை ஓடுகள், ஆம்பொரா என்னும் ஜாடியின் ஓடுகள். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மியூசியத்தில் வைத்தால் குழந்தைகள் அரை நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். ஆனால் கதை அந்த ஓடுகளில்தான் இருக்கிறது.

ஆம்பொரா என்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினும் எண்ணெயும் ஏற்றுமதி செய்யப் பயன்பட்ட, அடி கூர்மையான உயரமான ஜாடி. தரையில் நிற்காது. கப்பலின் அடித்தளத்தில் ஒன்றோடொன்று சாய்த்து அடுக்குவதற்கென்றே செய்தது. அந்த ஓடு ஓர் இடத்தில் கிடைத்தால், மேற்குச் சரக்கு அங்கே வந்திருக்கிறது என்று பொருள். (இந்தியாவில் ரோமானிய ஜாடி என்று நினைத்திருந்த ஓடுகளில் பல, உண்மையில் இன்றைய ஈரான், ஈராக் பக்கத்து ஜாடிகள் என்று பிற்காலத்தில் தெரியவந்தது. அப்படியானாலும் அதுவும் மேற்கிலிருந்து கடல் தாண்டி வந்ததுதான்.)

ரௌலட்டட் என்பது வேறு கதை. வழவழப்பான மெல்லிய தட்டு. உள்பக்கம் நடுவே சின்னச் சக்கரத்தை உருட்டியது போல வட்ட வட்டமாகப் புள்ளி வரிசை. 1945-இல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இதுவும் ரோமானிய உலகத்திலிருந்து வந்த சரக்கு என்று நினைத்தார். பிறகு நடந்த களிமண் பரிசோதனைகள் அதை மாற்றிவிட்டன. இது இந்தியாவிலேயே செய்தது, பெரும்பாலும் கங்கை கடலில் கலக்கும் வங்கப் பக்கத்து மண் என்பதுதான் இப்போது பலரும் ஏற்கும் கருத்து.

இப்போது பெரும்பாணாற்றுப்படையை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்தப் புலவர் துறைமுகத்தில் பார்த்தது இரண்டு: கடல் தாண்டி வந்த குதிரை, வடக்கிலிருந்து வந்த சரக்கு. முகத்துவாரத்து மண்ணிலிருந்து வந்த ஓடுகளும் இரண்டு: மேற்குக் கடலிலிருந்து ஒன்று, வடக்கே வங்கக் கரையிலிருந்து ஒன்று. நீர்ப்பெயற்று இதுதானா என்ற வழக்கு அப்படியே இருக்கட்டும். இந்த ஆற்றுவாயிலில் அந்த இரண்டு திசை வியாபாரமும் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காஞ்சிபுரத்தில் நடந்த அகழாய்வுகளிலும் இதே வகை ரௌலட்டட் ஓடுகள் வந்திருக்கின்றன. ஆற்றின் ஒரு முனையில் இறங்கிய சரக்கு மறு முனையில் சாப்பாட்டுத் தட்டாகியிருக்கிறது.

"அப்போ யுவான் சுவாங் தப்பா எழுதல" என்றான் மகன். அவர் வந்தது அந்த ஓடுகளின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, பல்லவர் ஆட்சியில். மாமல்லபுரமும் இதே கரையில்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு மாறவில்லை. ஆற்றையும் கடலையும் கையில் வைத்திருந்த ஊருக்கு 70 கிலோமீட்டர் ஒரு தூரமாகத் தெரியவில்லை.

துறைமுகம் எப்படிச் செத்தது?

ஒரே நாளில் சாகவில்லை. ஆற்று முகத்துவாரம் என்பது ஆறும் கடலும் தினமும் போடும் சண்டை. நம் கடற்கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த மணல் ஆற்றின் வாயை அடைக்கும். ஆற்றில் வெள்ளம் வந்தால் உடைத்துக்கொண்டு போகும். வெள்ளம் குறைந்தால் மறுபடி மணல்திட்டு. வாய் திறந்திருக்க வேண்டுமானால் மேலேயிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது தூர்வார வேண்டும். வோல்கா காஸ்பியன் கடலில் கலக்கும் இடத்தில் அஸ்ட்ரகான் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் முல்தான், சிந்து பக்கத்து வியாபாரிகள் நம் நாட்டிலிருந்து அங்கே போய்த் தங்கி, துணியும் வட்டிக்கடையும் நடத்தினார்கள். அங்கேயும் வண்டல் அடைக்கிறது, காஸ்பியன் கடலும் வற்றி இறங்கிக்கொண்டிருக்கிறது. கப்பல் போகும் தடத்தை இயந்திரம் வைத்துத் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். நிறுத்தினால் துறைமுகம் நின்றுவிடும்.

பாலாற்றில் வியாபாரம் மற்ற துறைகளுக்கு நகர்ந்தது. பிறகு நூற்றாண்டுக் கணக்கில் மேலே அணைகளும் ஏரிகளும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டன. சென்னை மாகாணமும் மைசூரும் 1892-இலேயே ஆற்று நீர் பற்றி ஒப்பந்தம் போட வேண்டிய நிலை இருந்தது என்றால் பாருங்கள். அதற்குப் பிறகு தோல் தொழிற்சாலைக் கழிவு. வேலூர்ப் பகுதி மக்கள் அதை எதிர்த்து நடத்திய வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. கடைசியாக மணல். சென்னையின் எத்தனை அடுக்குமாடிகளில் எங்கள் பாலாறு இருக்கிறது என்பதற்குக் கணக்கு யாரிடமும் இருக்காது. லாரி போகும்போது சிந்தும் ஈர மணலைப் பார்த்தே வளர்ந்த தலைமுறை நாங்கள்.

மணல் போனதில் இன்னொன்றும் போகிறது. ஆற்றங்கரை என்பது பழைய குடியிருப்புகளின் இடம். வசவசமுத்திரத்தில் தோண்டிய குழிகளை விட, தோண்டாத நிலம்தான் அதிகம். அதில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிவதற்குள், அதன்மேல் சவுக்குத் தோப்போ, இறால் குட்டையோ, பிளாட்டோ வந்துவிட்டால் அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை தெரிந்தவர்களுக்கு இது கற்பனை இல்லை.

உத்திரமேரூர்க்காரியாக எனக்கு இதில் ஒரு ஆதங்கம். எங்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். குடவோலைத் தேர்தல் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த வாரியங்களில் ஏரி வாரியம் என்று ஒன்று உண்டு. அதன் வேலை ஏரியைப் பார்த்துக்கொள்வது. தண்ணீரைக் கவனிக்க ஆள் தேர்ந்தெடுத்து அதைக் கல்லிலும் எழுதி வைத்த ஊர் இது. அந்தக் கல் பிழைத்ததால் உலகத்துக்கே எங்களைத் தெரிகிறது. முகத்துவாரத்துத் துறைமுகத்துக்கு அப்படி ஒரு சுவர் வாய்க்கவில்லை. அதற்கு இருப்பதெல்லாம் ஓடுகள்தான்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

போகிறவர்கள் மாமல்லபுரம் மாதிரி டிக்கெட் கவுண்டரும் கைடும் எதிர்பார்க்க வேண்டாம். அகழாய்வுக் குழிகளை வேலை முடிந்ததும் மூடிவிடுவதுதான் வழக்கம். அங்கே 'பார்க்க' வேண்டியது நிலத்தின் அமைப்பை. பாலாற்றுப் பாலத்தின் பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்த்தால், ஆறு அகன்று விரிந்து, தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை அடிக்கும். அந்த அகலத்தைப் பார்த்த பிறகுதான் இங்கே படகுகள் ஒதுங்கியிருக்கும் என்பது மனதுக்குப் புரிகிறது. பக்கத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம் இருப்பதால் எங்கெங்கே போகலாம், எங்கே போட்டோ எடுக்கக் கூடாது என்பதை உள்ளூரில் கேட்டுக்கொள்வது நல்லது.

வயலூரில் ஆற்றுக்குக் குறுக்கே சில வருடங்களுக்கு முன் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். கடல் நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவும், மழைத் தண்ணீரைப் பிடித்து நிலத்தடி நீரைக் காப்பாற்றவும். கல்பாக்கம் நகரியத்துக்கே குடிநீர் பாலாற்று மணலுக்கடியிலிருந்துதான் போகிறது. தடுப்பணையால் துறைமுகம் திரும்ப வராது. ஆனால் தண்ணீர் தேங்கிய இடத்தில் பறவைகள் இறங்குகின்றன, கிணறுகளில் ஊற்று தெரிகிறது. நாங்கள் போனபோது ஒரு பெரியவர் கழுத்தளவுத் தண்ணீரில் வலை வீசிக்கொண்டிருந்தார். கரையில் நின்ற அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தேன். "இருவத்தொண்ணுல வந்துச்சே வெள்ளம், அன்னிக்கு வந்திருக்கணும்மா நீ. ஆறு எங்க முடியுது, கடல் எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல" என்றார்.

2021 நவம்பர் வெள்ளம் எங்களுக்கும் நினைவிருக்கிறது. பாலாறு இரு கரையையும் தொட்டு ஓடியது. அணைக்கட்டிலிருந்து வந்த தண்ணீர் ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியதாகச் செய்தி வந்த நாளில், திருமுக்கூடல் பக்கம் ஆற்றைப் பார்க்கவே கூட்டம் கூட்டமாகப் போனோம். மாமியாரும் வந்திருந்தார். அன்று அவர் சொன்னது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது: "இதுல கப்பலே போவும்போல இருக்கே!"

இதையெல்லாம் ஒரு நீளமான வாய்ஸ் மெசேஜாக ரஷ்யாவுக்கு அனுப்பினேன். குளிர்காலத்தில் வோல்கா உறைந்துபோகும், அப்போது அங்கே கப்பல் நிற்கும் துறையில் பனிதான் இருக்கும் என்று சொல்லியிருந்தாள். விடுமுறைக்கு வரும்போது தன் கூடப் படிக்கும் பெண்களில் இரண்டு பேரை அழைத்துவரப் போகிறாளாம். மாமல்லபுரம் காட்டச் சொன்னார்களாம்.

"மாமல்லபுரத்துக்கு முன்னாடியே இறங்கிடணும்னு அவங்ககிட்ட சொல்லிடு" என்றேன்.